மாடிக்கூலி

தண்ணிப் பார்க்குக்குப் போய்ட்டு வர்றீங்களாட்டம் இருக்குதுங்க? பசங்க தலையில அந்தச் செவப்புத் தொப்பியப் பாத்ததுமே நெனைச்சேன். முன் சீட்டுல தூங்கறது உங்க வீட்டுக்காரம்மாதானுங்களே? உங்க மடியில ஒண்ணு, தோள்ல ஒண்ணு. பாவம், நல்லா வெளையாடிக் களைச்சுப் போயிருக்குதுங்க. பைய இப்படிக் குடுங்க, நான் கால்கிட்ட வெச்சுக்கறேன். நான் இந்தப் பஸ்ஸுல புளியம்பட்டி வரைக்கும் வர்றேன். சொந்தத்துல ஒரு கெடா வெட்டு, வீட்ல நேத்தே போய்ட்டாங்க.

தப்பா நெனைக்கலீன்னா ஒண்ணு கேக்கட்டுங்களா? மொத்தம் எவ்வளவு ஆச்சு?

சொல்லலீன்னாலும் பரவாயில்லைங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுது. டிக்கெட்டுன்னு ஒண்ணு சொல்லியிருப்பான். உள்ள போனா டிரஸ்ஸு வாடகை, பொட்டி வாடகை, தொப்பி, அப்பறம் ஒரு தட்டு நூடுல்ஸுக்கு ஒரு வெலை. வண்டி நிறுத்தற எடத்துல ஒருத்தன், போட்டோ எடுக்கறேன்னு ஒருத்தன். எல்லாம் முடிச்சு வெளிய வந்தா, கதவத் தொறந்து விட்டவன் சல்யூட் அடிப்பான். சல்யூட்டுக்கும் ஒரு வெலை இருக்குதுங்க. ஒரு பத்து ரூபா குடுக்காம அவன் மூஞ்சியப் பாக்க முடியுதுங்களா?

நானும் போனேனுங்க, இந்த வருசம் மே மாசம். ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை. அந்த ஒரு நாள் என்னை என்ன பண்ணிருச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

எனக்கு கேஸ் போடற வேலைங்க. வீட்டு சிலிண்டரு. கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் ஏழெட்டு வீதி எம்பட லைன். பத்தொம்பது வருசமா அந்த வீதிகள்லதான் வண்டி ஓட்டறேன். எம்பேரு நாச்சிமுத்து. ஆனா அங்க ஒருத்தருக்கும் அந்தப் பேரு தெரியாது. கேஸ்காரரு, அவ்வளவுதான். அதுல ஒண்ணும் வருத்தமில்லைங்க. எனக்கும் அவங்க பேரு தெரியாதே. பச்சை கேட்டு வீடு, நாய் வீடு, மூணாவது மாடி அம்மிணி, இப்படித்தான் மனசுல இருக்கும்.

ஏஜென்சியில மாசம் ஒரு சம்பளம் குடுப்பாங்க. அது வாடகைக்கும் மளிகைக்கும் சரியாப் போயிரும். மேல் செலவெல்லாம் மாடிக்கூலியிலதான். டிப்ஸுன்னு நெனைச்சுக்காதீங்க. டிப்ஸுங்கறது சும்மா தட்டக் கொண்டாந்து வெக்கறவனுக்குக் குடுக்கறது. இது கூலி. நெறைஞ்ச சிலிண்டரு முப்பது கிலோ வருதுங்க. அதையத் தோள்ல வெச்சுட்டு லிஃப்ட் இல்லாத வீட்ல மூணு மாடி ஏறிப் பாருங்க, தெரியும். வீட்டுக்குள்ளயே கொண்டுபோய் வெச்சுக் குடுக்கோணும்னு ஏஜென்சியில சொல்லித்தான் இருக்காங்க. சொல்றதுக்கென்ன, அவங்க நாற்காலியில உட்கார்ந்துட்டுச் சொல்றாங்க.

ஆனா ஒண்ணுங்க. நான் கேக்கறதில்ல. இந்தப் பத்தொம்பது வருசத்துல ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்து காசு கேட்டதில்ல. சிலிண்டர உள்ள வெப்பேன், ரப்பர் வாசர் பாப்பேன், மாட்டுவேன், அடுப்பப் பத்த வெச்சுக் காமிப்பேன். அப்பறம் வாசப்படியில வந்து துண்டுல கழுத்தத் தொடச்சுட்டு நிப்பேன். சும்மா நிப்பேன். அவங்களுக்கே தோணும். தோணலீன்னா, "வெயிலு என்ன போடு போடுதும்மா"ன்னு ஒரு வார்த்தை. அப்பவும் தோணலீன்னா சில்லறை இருக்குதே. ஐநூறு ரூபா நோட்டா ரெண்டு குடுப்பாங்க, நான் பாக்கெட்டத் தடவிப் பாத்துட்டு "சில்லறை இல்லீங்களேம்மா"ம்பேன். சில்லறைய எப்பவும் வண்டி சீட்டுக்கடியிலதான் வெப்பேன், மேல எடுத்துட்டுப் போகவே மாட்டேன். சரி வெச்சுக்கங்கன்னுருவாங்க. அதுவா வர்றது. நான் கேட்டு வாங்குனதில்ல.

இப்ப ரெண்டு வருசமா அதுல மண்ணு விழுந்துருச்சுங்க. எல்லாம் போன்லயே கட்டிடறாங்க. பில்லு எவ்வளவோ அவ்வளவுதான், ஒரு ரூபா கூட இல்ல கொறைய இல்ல. மாடி ஏறி, மாட்டி, துண்டெடுத்துத் தொடச்சுட்டு நின்னா, போனுக்கு வந்த நாலு நம்பரச் சொல்லிட்டு "தேங்ஸ்ண்ணா"ன்னு கதவச் சாத்திருவாங்க. தேங்ஸ வெச்சு என்னங்க பண்றது? துணி வாங்கற கடைக்காரன் வாங்கிக்குவானா? அவங்களையும் சொல்லிக் குத்தமில்ல. கையில காசே வெச்சுக்கறதில்ல இப்ப யாரும். எங்க வீட்லயே புள்ள காய்கறிக்காரருக்குப் போன்லதான் போடுது.

அந்தப் புள்ளைக்கோசரம்தான் எல்லாமே. ஒரே பொண்ணு, கோகிலவாணி. பத்தாவது பரீச்சைக்கு முன்னாடி, படிக்கறதுக்கு ஒரு உசுப்பு இருக்கட்டும்னு, "நானூத்தம்பது தாண்டிட்டீன்னா நீ சொல்ற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிட்டேன். நானூத்திப் பத்து, நானூத்தி இருவதுன்னு வந்துட்டிருந்த புள்ளைங்க அது. நானூத்தி அறுபத்து மூணு வாங்கிருச்சு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் மிட்டாய் குடுத்துட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்துச்சு. "அப்பா, மால்ல சினிமா. அப்பறம் மேல அந்த ஏசி ஓட்டல்ல சாப்பாடு. மூணு பேரும். அம்மா பட்டுச்சேலை கட்டோணும்." அவ்வளவுதான் கேட்டுச்சு. வேற புள்ளைங்க போனு கேக்குது, வண்டி கேக்குது.

எங்க வீட்ல துளசிமணியும் கல்யாணம் ஆனதுல இருந்து மால் உள்ள போனதில்லைங்க. வெளிய நின்னு பாத்திருக்கா. "கூட்டமா இருக்கும், எனக்கு மூச்சு முட்டும், நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க"ன்னா. காசுக்காகச் சொல்றான்னு எனக்குத் தெரியாதுங்களா?

மே மாசக் கடைசி ஞாயிறுன்னு நாள் குறிச்சாச்சு. கையில ஒரு பதினஞ்சு நாள் இருந்துச்சு. மாடிக்கூலிய வெச்சு ஒப்பேத்திரலாம்னு பாத்தேன். அப்பத்தாங்க கொஞ்சம் மாறிட்டேன். கேக்கலீங்க, கேக்க மாட்டேன். நிக்கற நேரத்த மட்டும் கொஞ்சம் கூட்டிட்டேன். போன்ல கட்டுனவங்க வீட்லயும் நின்னேன். "கைச் செலவுக்கு எதாவது"ன்னு ஒண்ணு ரெண்டு எடத்துல வாயில வந்திருக்கும். அத நீங்க கேட்டதாக் கணக்குல எடுத்துக்க முடியாது.

மூணாவது மாடி அம்மிணின்னு சொன்னேனுங்களே. பேரு மைதிலின்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. முப்பது வயசிருக்கும். வீட்டுக்காரரு பம்பு கம்பெனியில ஷிஃப்ட்டு வேலை. அஞ்சு வயசுல ஒரு பொம்பளப் புள்ள. மாமனாரு கூட இருக்காரு, தெய்வசிகாமணின்னு பேரு, மில்லு வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. நல்ல குடும்பங்க. முன்னெல்லாம் போனா மோர் குடுத்துட்டு அம்பது ரூபாயும் குடுக்கும். போன்ல கட்ட ஆரம்பிச்சதுல இருந்து மோர் மட்டும்தான்.

அந்த ஞாயித்துக்கெழமைக்கு முந்தின நாள், சனிக்கெழமை. காலையில இருந்து பதினோரு வீடு ஏறி எறங்கியாச்சு, வந்தது வெறும் எழுவது ரூபா. அந்த வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு மேல பாத்தேன். மூணு மாடி. ஏறுனா மோர். எறங்குனா மோர். எனக்குள்ள என்னமோ ஆயிருச்சுங்க. போனப் போட்டேன்.

"அம்மிணி, கேஸ் வந்திருக்குது. எனக்கு முதுகுல பிடிச்சுக்கிச்சு. தூக்க முடியல. கீழ மாடிப்படிக்கிட்ட வெச்சுட்டுப் போறனுங்க."

"அய்யோ, ரொம்ப வலிக்குதுங்களாண்ணா? டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போகோணும் அம்மிணி."

"சரிங்கண்ணா. வெச்சுட்டுப் போங்க. அவரு சாயங்காலம் வந்து எடுத்துக்குவாரு. நீங்க உடம்பப் பாத்துக்கங்க."

நம்பரச் சொல்லிச்சு. காலி சிலிண்டர மாமனாரு மேல இருந்து ஒவ்வொரு படியா எறக்கிக் கொண்டாந்து குடுத்தாரு. "உக்காந்து தண்ணி குடிச்சுட்டுப் போப்பா"ன்னாரு. வேண்டாங்கய்யான்னுட்டு வண்டிய எடுத்துட்டேன்.

பாத்தீங்களா, அவங்களே சரின்னுட்டாங்க. சாயங்காலம் வீட்டுக்காரரு வந்து எடுத்துக்குவாருன்னுதானே சொன்னாங்க. எல்லாரும் சம்மதிச்சு நடந்ததுதான்.

ஞாயித்துக்கெழமை கெளம்பினமுங்க. துளசிமணி அந்த ஊதாப் பட்ட கட்டியிருந்தா. கோகிலா தலைக்குக் குளிச்சு, என்னமோ புதுசா ஒரு பின்னல் போட்டிருந்துச்சு. என் வண்டியிலயே மூணு பேரும் போனோம்.

வண்டி நிறுத்தறதுக்கு மணிக்கணக்குக் காசுங்க அங்க. சினிமா நீளமா இருந்தா அதுக்கும் நாமதான் குடுக்கோணும். தியேட்டர் வாசல்ல பைய சோதிச்சாங்க. துளசிமணி வீட்ல இருந்து முறுக்கும் ஒரு பாட்டில் தண்ணியும் கொண்டாந்திருந்தா. "வெளித் தீனி அலவுட் இல்லீங்கம்மா, திரும்பிப் போகும்போது வாங்கிக்கங்க"ன்னு எடுத்து ஒரு தட்டுல வெச்சுட்டான். படம் முடிஞ்சு பாத்தா, வெளிய விடற வழி வேற பக்கம். முறுக்கு அங்கயே நின்னு போச்சு. "எள்ளு அதிகமாப் போட்டுச் சுட்டிருந்தேன்"னு அவ ரெண்டு தடவ சொன்னா.

பாப்கார்ன் வேண்டாம்னுதான் புள்ள சொல்லுச்சு. இடைவேளையில பக்கத்து சீட்டுப் பசங்க வாங்கிட்டு வந்தாங்க, அந்த வாசம் வந்துச்சு. புள்ள அந்தப் பக்கம் திரும்பவே இல்ல, நேரா வெள்ளைத் திரையவே பாத்துட்டிருந்துச்சு. விளம்பரம்கூட ஓடல, வெறும் திரை. நான் எந்திரிச்சுப் போனேன். சின்ன டப்பா ஒண்ணு. அந்தக் காசுக்கு எங்க வீட்டுக்கு மூணு நாள் காய் வருமுங்க. மூணு பேரும் ஒண்ணொண்ணா எடுத்துத் தின்னோம்.

மேல அந்த ஓட்டலுக்குப் போனோம். கதவுக்கு ஒரு ஆளு, சல்யூட்டு. உள்ள ஒரே குளிரு. சப்ளையரு என் வயசு ஆளுங்க, நாப்பத்தாறு, நாப்பத்தேழு இருக்கும். வந்ததும் வராததுமா, "தண்ணி பாட்டிலுங்களா, சாதாதானுங்களா?"ன்னான். நல்லா நைஸா மடக்கறாங்க பாருங்க, பாட்டில்னு முதல்ல சொன்னா நாம வெக்கப்பட்டுட்டுப் பாட்டில்னுருவோம்னு. சாதாதான்னுட்டேன்.

மெனு அட்டைய புள்ள எடப்பக்கம் இருந்து படிச்சுது. துளசிமணி வலப்பக்கம் மட்டும் படிச்சா. "எனக்குப் பசியே இல்ல, நீங்க சாப்புடுங்க, நான் ஒரு வாய் எடுத்துக்கறேன்"னா. ரெண்டு நான் ரொட்டி, ஒரு பன்னீரு, ஒரு ஃப்ரைட் ரைஸு. மூணு தட்டுல பிரிச்சுக்கிட்டோம். அந்த ஆளே கேக்காம ரைஸ மூணு பங்கா வெச்சுக் கொண்டாந்தான். பட்டுச்சேலை, பின்னலெல்லாம் பாத்துட்டு, "என்னம்மா விசேஷம், பொறந்த நாளா?"ன்னு புள்ளைகிட்டக் கேட்டான். மார்க்குன்னு சொல்லுச்சு. எவ்வளவுன்னான். சொல்லுச்சு. அவ்வளவுதான், உள்ள போனவன் ஒரு தட்டுல ஐஸ்கிரீமு, சுத்தி சாக்லேட்டுல இங்கிலீஸ்ல வாழ்த்து எழுதிக் கொண்டாந்து வெச்சுட்டான்.

"நாங்க கேக்கலையே"ன்னேன்.

"எங்க சார்புலைங்க சார். பில்லுல வராது."

புள்ள மூஞ்சியப் பாக்கோணுமே நீங்க. துளசிமணி கண்ணத் தொடச்சுக்கிட்டா. நான் மட்டும் மனசுக்குள்ள பில்லக் கூட்டிட்டிருந்தேன். சும்மா எவனுங்க குடுப்பான்?

பில்லு வந்துச்சு. சர்வீஸ் சார்ஜுன்னு ஒரு வரி, வரின்னு ரெண்டு வரி. ஐஸ்கிரீம் இல்லதான், மூணு தடவ பாத்துட்டேன். காச வெச்சேன். மீதி எழுவது ரூபா கொண்டாந்தான். எப்படிக் கொண்டாந்தான் தெரியுங்களா? ஏழு பத்து ரூபா நோட்டு! ஒரு அம்பது, ஒரு இருவதுன்னு குடுத்தா எடுத்து உள்ள வெச்சுக்குவோம்னு தெரியும். பத்துப் பத்தா இருந்தா எல்லாத்தையும் எடுக்க மனசு வராது பாருங்க. என்ன தந்திரம்! அவனுக்கும் மாசம் சம்பளம் குடுக்கறாங்கல்ல, அப்பறம் என்ன? எத்தன வருசமா இதே பொழப்போ.

கொண்டாந்து வெச்சுட்டுப் போய்ட்டானாங்கறீங்க? போகல. பக்கத்து மேஜையத் தொடச்சுட்டு நிக்கறான். ஏற்கெனவே தொடச்ச மேஜை. துணியத் தோள்ல போட்டுட்டு எங்கயோ பாத்துட்டு நிக்கறான். வாயத் தொறந்து கேட்டாலாவது பதில் சொல்லலாம். சும்மா நின்னா என்ன பண்றது? அது கழுத்துல துண்டப் போட்டு முறுக்கற மாதிரிங்க.

கோகிலா மெதுவாச் சொல்லுச்சு, "அப்பா, அவரு உங்களாட்டமே நிக்கறாருப்பா."

நெஜந்தானுங்க. ஒத்தக் கால்ல பாரத்தப் போட்டு, ஒரு கைய இடுப்புல வெச்சுட்டு, நான் நிக்கற மாதிரியேதான் நின்னான். நாளெல்லாம் நின்னுட்டே வேலை பாக்கறவங்களுக்கு எல்லாம் அந்த நிலை வந்துரும்.

ஆறு நோட்ட எடுத்துட்டு ஒண்ண வெச்சேன். எந்திரிச்சோம். அவன் வந்து அந்தப் பில்லு அட்டைய விரிச்சுப் பாத்தான். பாத்துட்டு, அந்தப் பத்து ரூபாயக் கொண்டாந்து புள்ள கையில குடுத்துட்டான். "நல்லாப் படிம்மா. பேனா வாங்கிக்க."

திமிரப் பாருங்க! எம்பட கண்ணு முன்னாடி, எம்பட காச எம்பட புள்ளைக்கே தானம் பண்றான். கோகிலா "தேங்ஸ் அங்கிள்"னுச்சு. வீட்டுக்கு வந்ததும் துளசிமணி சேலைய மடிச்சுட்டே, "போதுங்க. இனி எங்கயும் வேண்டாம். வீட்லயே பஜ்ஜி போட்டுத் தின்னுக்கலாம்"னா. அவ நல்லதுக்குத்தான் சொன்னா. ஆனா ஒரு குடும்பம் வருசத்துல ஒரு நாள் வெளிய போய் உக்காந்து சாப்புட்டு வர்றதுக்கு வக்கில்லாமப் போச்சுங்களே.

திங்கக்கெழமை அந்த வீதிக்குள்ள போறேன். கீழ இஸ்திரி போடற பரமன் கையக் காட்டி நிறுத்துனான்.

"ஏப்பா, சனிக்கெழமை நீ சிலிண்டரக் கீழ வெச்சுட்டுப் போனியே, அந்தப் பெரியவரு விழுந்துட்டாருப்பா."

எந்தப் பெரியவருன்னேன். தெரிஞ்சுட்டேதான் கேட்டேன்.

அந்த அம்மிணி பாதிச் சமையல்ல இருந்திருக்குது. அடுப்புல மாட்டியிருந்த இன்னொரு சிலிண்டருலயும் கேஸு தீந்து போச்சு, கொழந்தை பசின்னு அழுதிருக்குது. சாயங்காலம் வரைக்கும் என்ன பண்றதுன்னு அவரு எறங்கி வந்திருக்காரு. "மில்லுல நூல் மூட்டை தூக்குனவன் நான்"னு பரமன்கிட்டச் சொல்லிட்டு, பரமன் இஸ்திரிப் பொட்டிய வெச்சுட்டு வர்றதுக்குள்ள ஒவ்வொரு படியா ஏத்திட்டுப் போயிருக்காரு. ரெண்டாவது மாடித் திருப்பத்துல கால் வழுக்கிருச்சு. சிலிண்டரு அவரு மேல விழுந்து உருண்டிருக்குது. இடுப்பெலும்பு. அறுபத்தெட்டு வயசுங்க. ஞாயித்துக்கெழமை காலையில ஆபரேசனு. நாங்க காலைக் காட்சி பாத்துட்டிருந்த நேரம். பதினொண்ணரைக்கு முடிஞ்சுதுன்னு பரமன் சொன்னான். அந்த மணிய ஏன் சொன்னான்னு தெரியல, அது மட்டும் மனசுல நின்னு போச்சு.

நான் என்னங்க பண்ணுவேன்? அவர யாரு தூக்கச் சொன்னா? சாயங்காலம்னுதானே பேச்சு. யோசிச்சுப் பாருங்க, முன்ன மாதிரி ஒரு அம்பது ரூபா கையில குடுத்திருந்தா நான் மேல கொண்டுபோய் வெச்சிருப்பேன். அம்பதே ரூபா. அவரு இன்னைக்கு நடந்துட்டிருப்பாரு. நான் சொல்றது சரிதானுங்களே?

ஏனுங்க, சன்னல் பக்கம் திரும்பிக்கறீங்க?

ஏஜென்சிக்குப் புகார் போகும்னு ஒரு வாரம் சோறு எறங்கல. ஒரு நாள் மேனேஜரு கூப்புட்டு விட்டாரு. போச்சுன்னுதான் போனேன். சட்டையில பட்டன் இல்லாம வர்றேன்னு திட்டுனாரு, அவ்வளவுதான். புகார் வரல. அப்பறமும் வரல. வராததுதானுங்க கஷ்டமாப் போச்சு. வந்திருந்தா ரெண்டுல ஒண்ணு ஆயிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கலாம்னு ஒரு நாள் ஆப்பிள் வெலை கேட்டேன். கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டேன்.

ஜூலை மாசம் அந்த வீட்டுக்கு அடுத்த சிலிண்டரு வந்துச்சு. நான் போன் பண்ணல. வண்டிய நிறுத்தித் தோள்ல வெச்சேன், ஏறிட்டேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல செவுத்துல ஒரு கீறலு, பெயிண்டு பேந்திருந்துச்சு. அங்க நிக்காமப் போயிட்டேன்.

மைதிலி கதவத் தொறந்துச்சு. "அய்யோ, ஏங்கண்ணா தூக்கிட்டு வந்தீங்க? முதுகு வலியோட! அவரு வந்து எடுத்திருப்பாரே."

உள்ள போய் மாட்டுனேன். பெரியவரு ஹால்ல கட்டில்ல படுத்திருந்தாரு, பக்கத்துல புடிச்சுட்டு நடக்கற கம்பி வாக்கரு. என்னையப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தாரு.

"வாப்பா. முதுகு எப்படி இருக்குது?"

"பரவாயில்லைங்கய்யா."

"எனக்கும் மில்லுல இருந்தப்ப அதே தொந்தரவுதான். அம்மிணி, அந்தத் தைலத்த எடுத்துக் குடு. நமக்கு ரெண்டு இருக்குதல்லோ."

வேண்டாம்னு சொல்லியிருக்கோணும். வாங்கிட்டேன்.

அந்தச் சின்னப் புள்ள ஃபேனுக்கடியில கம்பளி ஸ்வெட்டரப் போட்டுட்டு வேர்க்க வேர்க்க வெளையாடிட்டிருந்துச்சு. ஏன் கண்ணு, இந்த வெக்கையில ஸ்வெட்டருன்னு கேட்டேன். "ஊட்டிக்கு வாங்குனது"ன்னுச்சு. மைதிலிதான் சொல்லுச்சு. ஒரு வருசமாச் சேத்து வெச்சு ஜூன் முதல் வாரம் ஊட்டி போறதா இருந்தாங்களாம், ரெண்டு நாளு, ரூமெல்லாம் சொல்லி வெச்சு. ஆஸ்பத்திரிக்கே எல்லாம் போயிருச்சு. "எங்க போனாலும் செலவுதான், விடுங்கண்ணா. இவதான் அதையக் கழட்ட மாட்டீங்கறா."

வெளிய வந்தேன். நிக்கலீங்க. சாமி சத்தியமா நான் நிக்கல. செருப்ப மாட்டிட்டு எறங்கிட்டிருந்தேன். பின்னாடியே ஓடி வந்து கையில அம்பது ரூபாயத் திணிச்சுது. "போன்ல கட்ட ஆரம்பிச்சதுல இருந்து உங்களுக்கு ஒண்ணும் குடுக்கறதே மறந்து போச்சுங்கண்ணா. தப்பா நெனைச்சுக்காதீங்க. முதுகுக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போடுங்க."

வாங்கிட்டேனுங்க. குடுக்கறத வாங்கற கைதானே இது, பத்தொம்பது வருசமா. அதுபாட்டுக்கு நீண்டுருச்சு.

துளசிமணிகிட்டச் சொல்லல. புள்ளைகிட்டச் சொல்லல. சொல்ல முடியுங்களா? அந்த ஞாயித்துக்கெழமைல எடுத்த போட்டோவப் புள்ள செவுத்துல ஒட்டி வெச்சிருக்குது. மூணு பேரும் சிரிச்சுட்டு நிக்கறோம்.

லைன மாத்திக் குடுன்னு ஏஜென்சியில கேட்டுப் பாத்தேன். காரணம் கேட்டாங்க. வந்துட்டேன்.

இந்தத் தடவ சிலிண்டரு நேத்துத்தான் வந்துச்சு. காலையில வண்டியில லிஸ்டப் பாத்தப்பவே முடிவு பண்ணிட்டேன். இன்னைக்குச் சொல்லிரோணும். திட்டட்டும், புகார் குடுக்கட்டும், வேலை போனாலும் போகட்டும். பெரியவரு காலத் தொட்டாவது சொல்லிரோணும். ரெண்டு ஆப்பிள் கூட இல்ல கையில, வெறுங்கையோடதான் போனேன்.

ஏறுனேன். மாட்டுனேன். பெரியவரு தூங்கிட்டிருந்தாரு. மைதிலி சமையல்கட்டுல நின்னுட்டிருந்துச்சு. பக்கத்து அடுப்புல குக்கரு. நான் நிலைப்படியப் புடிச்சுட்டு நின்னேன்.

"என்னங்கண்ணா?"

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்கண்ணா."

"அன்னைக்கு எனக்கு முதுகு வலி இல்லைங்க அம்மிணி"ன்னேன்.

குக்கரு அப்பப் பாத்து விசிலடிச்சுருச்சு. மைதிலி அடுப்பச் சிறுசாக்கிட்டுத் திரும்பி என்னையப் பாத்துச்சு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"இன்னைக்கு வலி இல்லைங்களா? அப்பாடா! நல்லதாப் போச்சுங்கண்ணா. மாமா தெனமும் கேட்டுட்டே இருப்பாரு. எந்திரிச்சதும் சொல்றேன், ரொம்ப சந்தோசப்படுவாரு."

இன்னைக்குங்கறதுக்கும் அன்னைக்குங்கறதுக்கும் ஒத்த எழுத்துதானுங்களே வித்தியாசம். திருப்பிச் சொல்லியிருக்கலாம். அம்மிணி, நான் சொன்னது இன்னைக்கு இல்ல, அன்னைக்குன்னு. சொல்லோணும்னுதான் அங்கயே நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலீங்க, கழுத்தெல்லாம் வேர்வை, துண்டுல தொடச்சுட்டே நிக்கறேன்.

மைதிலி என்னையப் பாத்துட்டு, ஈரக் கையச் சேலையில தொடச்சுட்டு உள்ள போய், பர்ச எடுத்துட்டு வந்துச்சு.